குழந்தை இருக்கையும் நாலாவது கேள்வியும்

முப்பத்தெட்டு நாட்கள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த குழந்தை இன்று வீட்டுக்கு வருகிறாள்.

ஏழு வாரம் முந்திக்கொண்டு பிறந்தவள். நேற்றைய எடை இரண்டு கிலோ ஐம்பது கிராம். மாலைக்குள் கூட்டிக்கொண்டு போகலாம் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. ஒரே ஒரு நிபந்தனைதான். காரில் குழந்தைக்கான இருக்கை சரியாக மாட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அனுப்ப மாட்டார்கள்.

தன் மகள் சின்னவளாக இருந்தபோது வைத்திருந்த இருக்கையைப் போன வாரம் அக்கா கொண்டுவந்து இறக்கியிருந்தாள். குழந்தையின் அப்பாவுக்கு, ‘லிஃப்ட்காரன்’ என்று எல்லோரும் கூப்பிடுகிறவனுக்கு, அக்கா. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை ஓயாமல் மிதிப்பதால், படிக்க வருகிறவர்கள் வைத்த பெயர் ‘பிரேக் மேடம்’. பெற்றோர் போன பிறகு தம்பியைப் படிக்கவைத்தது, லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக்காகச் சேர்த்துவிட்டது, கல்யாணம் செய்துவைத்தது எல்லாம் அவள்தான். அவள் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் தம்பி வீட்டில் கிடையாது.

தம்பி மனைவி மட்டும் அன்றைக்கு அந்த இருக்கையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

காலை ஒன்பது மணிக்கு, அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் அவள் வாய் திறந்தது.

“ஆடுது.”

லிஃப்ட்காரன் ஒரு முழங்காலை இருக்கைக்குள் ஊன்றி, உடம்பு எடை முழுவதையும் அதன்மேல் போட்டு பெல்ட்டை இழுத்துக்கொண்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“எங்க ஆடுது? காரே ஆடுது, அதோட சேர்ந்து இதுவும் ஆடுது.”

“நகருங்க.”

அவளுக்கு நில அளவை அலுவலகத்தில் வேலை. ஜன்னலுக்குத் திரை வாங்குவதென்றாலும் மூன்று முறை அளந்துவிட்டுத்தான் கடைக்குப் போவாள். அதனால் புருஷன் அவளை ‘ஸ்கேலு’ என்று கூப்பிட ஆரம்பித்து, இப்போது அலுவலகத்திலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஸ்கேல் குனிந்து, பெல்ட் நுழையும் இடத்தில் இருக்கையை இரண்டு கையாலும் பிடித்து அசைத்தாள். வயிற்றில் தையல் போட்ட இடம் இழுத்தது. காட்டிக்கொள்ளவில்லை.

“நீங்க பெல்ட்டைச் சிவப்புக் கோடு போட்ட வழியில விட்டிருக்கீங்க. அது குழந்தை வளர்ந்தப்புறம் முன்பக்கம் பாத்து உக்கார வைக்கறதுக்கு. இப்ப பின்பக்கம் பாத்துதானே மாட்டணும்? நீலக் கோடு.”

அவன் எட்டிப் பார்த்தான். இரண்டு வகையாகவும் திருப்பி மாட்டக்கூடிய இருக்கை அது. இரண்டுக்கும் வழி வேறு வேறு. பேசாமல் அவிழ்த்து, நீலக் கோடு வழியாக விட்டு, மறுபடி முழங்காலை ஊன்றி இழுத்தான்.

அவள் மறுபடி அசைத்துப் பார்த்தாள்.

“இப்பவும் ரெண்டு இன்ச் ஆடுது. ஒரு இன்ச்சுக்கு மேல ஆடக் கூடாது. இதோட புத்தகம் எங்க?”

“அக்கா தொலைச்சிருப்பாங்க. அதுக்கென்ன இப்போ? பத்து மாடி லிஃப்ட்டை மாட்டறவனுக்கு இதை மாட்டத் தெரியாதா?”

“தெரியும்னா ஏன் ஆடுது?”

அவன் கார் கதவைப் பலமாகச் சாத்தினான். “சரி, ஏறு. கடையில போய்க் கேப்போம். அவங்க சொன்னா நம்புவியா?”

குழந்தைச் சாமான் கடையில், இருக்கைகளை மாட்டிக் காட்டுவதற்கென்றே ஒரு பெண் இருந்தாள். கையில் முழங்கை வரை கறுப்பு உறை. பழைய இருக்கையைக் காரிலிருந்து வெளியே எடுத்து, துணியுறையைக் கழற்றி, வெயிலில் கவிழ்த்துப் போட்டாள். பெல்ட் நுழையும் இடத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

“இது எப்பவாவது ஆக்சிடென்ட்ல இருந்துச்சா?”

“இல்லையே” என்றான் லிஃப்ட்காரன்.

“இங்க பாருங்க. பிளாஸ்டிக்ல வெள்ளையா ஒரு கோடு தெரியுதா? வளைஞ்சு நிமிர்ந்த மாதிரி இருக்கு. வெயில்லயும் இப்படி வரலாம். நான் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ஒரு தடவை மோதின சீட்டுன்னா திரும்பப் போடக் கூடாது. முதல்ல யார் வச்சிருந்தாங்களோ அவங்களைக் கேளுங்க.”

அவன் அங்கேயே போனை எடுத்து, மனைவிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான். அக்கா வகுப்பில் இருந்தாள்.

“கிளச்சை மெதுவா விடு… மெதுவாம்மா, யாரும் துரத்தல. சொல்லு தம்பி.”

“அக்கா, அந்தச் சீட்டு எப்பவாவது அடி கிடி பட்டிருக்கா? ஆக்சிடென்ட் மாதிரி?”

மறுமுனையில் கார் இரண்டு குலுக்குக் குலுக்கி நின்றுபோன சத்தம் கேட்டது. படிக்கிற பெண் மன்னிப்புக் கேட்டாள். அக்கா அவளை ஒன்றும் சொல்லவில்லை.

“என்ன அடி? அதெல்லாம் ஒண்ணுமில்ல. வகுப்புல இருக்கேன், அப்புறம் பேசறேன்.”

போன் வைக்கப்பட்டது.

“கேட்டியா?” என்றான் அவன்.

“கேட்டேன்” என்றாள் ஸ்கேல். அவளுக்குக் கேட்டது அந்த இடைவெளி. கார் நின்றால் உடனே நாலு வார்த்தை விடுகிற பிரேக் மேடம் ஏன் வாயே திறக்கவில்லை?

அவள் கடைக்குள் நடந்தாள். அவன் பின்னால் வந்தான்.

“எங்க போற?”

“பாக்கறேன். பாக்கறதுல என்ன?”

மூன்று இருக்கைகளை அந்தப் பெண் எடுத்துவைத்தாள். முதலாவது இரும்புச் சட்டம் போட்டது, அகலம், நல்ல கனம். ஆனால் இரண்டு கிலோ இருநூறுக்குக் குறைந்த குழந்தையை அதில் வைக்கக் கூடாது. இரண்டாவது ராட்டினம் மாதிரி சுழன்றது. குழந்தையைக் கதவுப் பக்கம் திருப்பி உட்காரவைத்துவிட்டு உள்ளே திருப்பிக்கொள்ளலாம். காரில் வைத்துப் பார்த்தார்கள். முன் சீட்டைத் தள்ளவேண்டி வந்தது. அதில் உட்கார்ந்தால் முழங்கால் டாஷ்போர்டில் இடித்தது. மூன்றாவது ஒல்லியானது. ஒரு கிலோ எண்ணூறிலிருந்தே வைக்கலாம். பின் சீட் இடுக்கில் இருந்த இரும்பு வளையங்களில் அதன் இரண்டு கொக்கிகளும் ‘டக்’கென்று கடித்துக்கொண்டன.

ஸ்கேல் பிடித்து அசைத்தாள். கார்தான் அசைந்தது.

“பெல்ட்டையும் சேர்த்துப் போடணுமா?” என்று கேட்டாள்.

“வேண்டாம். கொக்கி போட்டா பெல்ட் வேண்டாம், பெல்ட் போட்டா கொக்கி வேண்டாம். ஏதாவது ஒண்ணுதான்.”

“இதை எடுத்துக்கறேன்.”

லிஃப்ட்காரன் அவள் முழங்கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனான். குரல் தணிந்திருந்தது. அவன் கோபத்தில் இருந்தால் குரல் ஏறாது, இறங்கும்.

“இப்ப நீ இதை வாங்கினா, எங்க அக்கா பொய் சொல்றாங்கன்னு ஆகுது.”

“வாங்காம போனா, ‘மோதியிருந்தா இருக்கட்டும்’னு என் பொண்ணை அதுல வச்சேன்னு ஆகுது.”

“அவங்க என்னை வளத்தவங்க, ஸ்கேலு.”

“அதை நான் எப்பங்க இல்லைன்னேன்?”

அவன் கையை விட்டான். அவள் பணம் கட்டியதும் அவனே அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் டிக்கியில் தள்ளினான். பழைய இருக்கையைத் திரும்பப் பின் சீட்டில் போட்டான்.

“இது டிக்கியிலயே இருக்கும். குழந்தை அக்கா குடுத்த சீட்லதான் வரும்.”

“ஆஸ்பத்திரியில போய்ப் பேசிக்கலாம்.”

அவன் வண்டியை ஆஸ்பத்திரிக்கு விட்டான்.

குழந்தைகள் வார்டில் தலைமை நர்ஸ் காத்திருந்தாள். குறைமாதக் குழந்தை என்பதால் முதலில் வார்டிலேயே இருக்கையில் கட்டி உட்காரவைத்து, ஒன்றரை மணி நேரம் மூச்சைக் கவனிப்பார்கள். தேறினால்தான் கார்.

அக்கா முன்னாலேயே வந்திருந்தாள். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தவள், குழந்தைக்கு இரண்டு புதுச் சட்டை வாங்கிவந்திருந்தாள். இருக்கையைத் தூக்கிக்கொண்டு வந்த தம்பியைப் பார்த்ததும் எழுந்தாள்.

“நல்லா உக்காந்துச்சா தம்பி, கார்ல?”

“உக்காந்துச்சுக்கா” என்றான் அவன், மனைவியைப் பார்க்காமல்.

நர்ஸ் படிவத்தை எடுத்தாள். இருக்கையின் வகை, எடை வரம்பு, தயாரித்த வருஷம் என்று கேட்டுக் கேட்டு எழுதினாள்.

“நாலாவது கேள்வி. இந்தச் சீட்டு இதுக்கு முன்னாடி எந்த விபத்துலயாவது இருந்திருக்கா?”

“இல்ல” என்றான் லிஃப்ட்காரன்.

“பழைய சீட்டுங்களா? முதல்ல யார் வச்சிருந்தாங்க?”

“நான்தான்” என்றாள் அக்கா.

“அப்ப நீங்கதான் கையெழுத்துப் போடணும்மா. ‘இல்லை’ங்கற இடத்துல ஒரு டிக், கீழ கையெழுத்து.”

அக்கா பேனாவை வாங்கினாள். தினமும் இருபது பேருடைய வருகைப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிற கை. பேனா முனை காகிதத்தைத் தொட்டபடியே நின்றது.

“பேனா எழுதல.”

நர்ஸ் வாங்கி ஓரத்தில் கிறுக்கினாள். நன்றாக எழுதியது. திருப்பிக் கொடுத்தாள்.

அக்கா மறுபடி குனிந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சுருட்டிய துணிக்குள்ளிருந்து குழந்தையின் கால் ஒன்று வெளியே வந்து காற்றை உதைத்தது. பாதம் அக்காவின் கட்டைவிரல் அளவுகூட இல்லை.

அக்கா பேனாவை மேசையில் வைத்தாள்.

“இந்தச் சீட்டு வேண்டாம் தம்பி.”

எழுதாத படிவத்தை நர்ஸ் பக்கம் தள்ளினாள்.

“மூணு வருஷம் ஆச்சு. மேம்பாலத்துக்குக் கீழ. மழை. வண்டி வழுக்கித் தூண்ல இடிச்சு, ஒரு சுத்து சுத்தி நின்னுச்சு. என் பாப்பா இதுலதான் இருந்தா. ரெண்டு வயசு அவளுக்கு.”

“காலையில கேட்டேனேக்கா.” அவன் குரல் அடியில் எங்கோ கிடந்தது. “வாயைத் திறந்து கேட்டேனே.”

“கேட்ட.”

“ஒண்ணுமில்லன்னீங்க.”

“ஆமா.”

லிஃப்ட்காரன் நர்ஸிடம் கத்தரிக்கோல் கேட்டான். கட்டுத்துணி வெட்டும் பெரிய கத்தரி. இருக்கையை வராந்தாவுக்கு எடுத்துப் போய்த் தரையில் வைத்து, ஐந்து வார்களையும் ஒவ்வொன்றாக வெட்டினான். வார் தடிமன், ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு கடி தேவைப்பட்டது. யாராவது குப்பையிலிருந்து எடுத்துத் தன் குழந்தையை அதில் உட்காரவைத்துவிடக் கூடாது.

“ஒரு தடவை அதிர்ந்து நின்ன கயித்தை நாங்க லிஃப்ட்ல திரும்பப் போடறதில்ல” என்றான், யாரையும் பார்க்காமல். “பாத்தா புதுசு மாதிரிதான் இருக்கும்.”

எழுந்தான். “டிக்கியில இருக்கறதை எடுத்துட்டு வர்றேன்.”

ஸ்கேல் சாவியை நீட்டினாள். ஜெயித்துவிட்டோம் என்று தோன்றவேண்டிய நேரம். அவள் குனிந்து வெட்டுப்பட்ட வார்களைப் பொறுக்கினாள்.

ஒன்றரை மணிக்குக் குழந்தையைப் புது இருக்கையில் கட்டினார்கள். தோளுக்குச் சற்றுக் கீழிருந்து வார் வரும்படி நர்ஸ் துளையை மாற்றினாள். காறை எலும்பின் மேல் வாரைக் கிள்ளிப் பார்த்தாள். விரலில் மடிப்பு சிக்கவில்லை. பக்கத்துக்கு ஒன்றாகச் சுருட்டிய துணி. காலில் ஒரு கம்பி, திரையில் ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் ஒரு எண்.

தொண்ணூற்றாறு.

“தொண்ணூறுக்குக் கீழ போயி அங்கேயே நின்னா இன்னிக்கு வீட்டுக்கு விட முடியாது” என்று சொல்லிவிட்டு நர்ஸ் எதிரிலேயே உட்கார்ந்தாள்.

சுவரோரம் மூன்று நாற்காலிகள். லிஃப்ட்காரன் ஒரு கோடியில், அக்கா மறு கோடியில், நடுவில் ஸ்கேல். தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றாறு. குழந்தை கொட்டாவி விட்டாள். தொண்ணூற்று நான்கு.

“ஏன் அண்ணி?” ஸ்கேல் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் மெதுவாகக் கேட்டாள். “வேற எதையாவது குடுத்திருக்கலாமே. இதை ஏன் எங்களுக்குக் குடுத்தீங்க?”

அக்கா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

“வண்டி முன்பக்கம் அப்பளம் மாதிரி நொறுங்கிப் போச்சு. கண்ணாடி எல்லாம் அவ மடியில. ஆனா அவளுக்கு ஒரு கீறல் இல்ல. ‘அம்மா, திரும்பச் சுத்து’ன்னா.” தொண்டையைச் செருமினாள். “அந்தச் சீட்டை எனக்குத் தூக்கிப் போட மனசு வரல. என் பொண்ணைக் காப்பாத்தினது. உன் பொண்ணையும் காப்பாத்தும்னு நெனச்சேன். ராசியான சீட்டு. இன்னிக்குக் காலையில அவன் கேக்கறவரைக்கும் எனக்கு வேற எதுவுமே தோணல. கேட்டப்புறம், இல்லைன்னு வாயில வந்துடுச்சு. டிரைவிங் ஸ்கூல்ல தெரிஞ்சா என்ன ஆகும்னுதான் மூணு வருஷமா மறைச்சிருந்தேன். அதுவே பழக்கமாயிடுச்சும்மா.”

ஸ்கேலுக்குக் கோபம் இருந்தது, அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

திரையில் எண் இறங்கியது. தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்றொன்று.

லிஃப்ட்காரன் எழுந்தான். நர்ஸ் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். குழந்தையின் தாடை நெஞ்சை நோக்கிச் சாய்ந்திருந்தது. தொண்ணூறு. ஸ்கேல் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டாள். அவள் கையை யாரோ இறுக்கினார்கள். அது அக்காவின் கை. உதறத் தோன்றவில்லை.

குழந்தை மூக்கைச் சுளித்தாள், தலையைத் தானே பக்கவாட்டில் திருப்பினாள், தும்மினாள். தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்றாறு.

“கெட்டிக்காரி” என்றாள் நர்ஸ். “இன்னும் நாப்பது நிமிஷம்.”

அந்த நாற்பது நிமிஷத்தில் எண் மறுபடி இறங்கவில்லை.

மூன்றரை மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் லிஃப்ட்காரன் புது இருக்கையைக் காரில் பொருத்தினான். இந்த முறை புத்தகத்தை மனைவியிடம் கொடுத்து, “நீ படி, நான் செய்யறேன்” என்றான். அவள் படித்தாள், அவன் செய்தான். கொக்கிகள் கடித்தன. சாய்வைக் காட்டும் ரசமட்டத்தில் குமிழி கோட்டைத் தாண்டி நின்றது. அடியிலிருந்த விசையை ஒரு படி மாற்றியதும் நடுவுக்கு வந்தது.

நர்ஸ் குனிந்து அசைத்துப் பார்த்துவிட்டு, டிஸ்சார்ஜ் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும் என்று அவனைக் கவுன்ட்டருக்கு அழைத்துப் போனாள்.

குழந்தைக்குப் பக்கத்தில் ஸ்கேல் உட்கார்ந்தாள். அக்கா ஜன்னலருகே வந்து நின்றாள். வெகுநேரம் குழந்தையையே பார்த்தாள்.

“அவன் என்கிட்டப் பேச நாளாகும்.”

“பேசுவார் அண்ணி. மழையில வண்டி வழுக்கினா யார்தான் என்ன செய்ய முடியும்? நீங்க ஓட்டினதால பாப்பா அந்த அளவுக்காவது தப்பிச்சா.”

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள்.

“நான் ஓட்டினேன்னு நான் சொல்லவே இல்லையே.”

ஸ்கேல் அவள் முகத்தைப் பார்த்தாள். உண்மைதான். வண்டி வழுக்கியது, இடித்தது, சுற்றியது என்றுதான் சொன்னாள். ஓட்டியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

“அப்ப யாரு?”

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு லிஃப்ட்காரன் காகிதங்களோடு வெளியே வந்தான். அக்கா அவனைப் பார்த்துவிட்டு, ஜன்னலுக்குள் குனிந்தாள்.

“நாளைக்குப் பத்து மணிக்கு வர்றேன். அவன் வேலைக்குப் போனப்புறம். நான் வர்றது அவனுக்குத் தெரிய வேண்டாம். கேட்டப்புறம், அவன்கிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு நீயே முடிவு பண்ணு.”

தம்பி வருவதற்குள் அவள் தன் காரை நோக்கி நடந்துவிட்டாள்.

அவன் ஏறி உட்கார்ந்தான். கண்ணாடியைச் சரி செய்தான். நடக்கிற வேகத்தில் வண்டியை நகர்த்தினான். வாசலைத் தாண்டும்போது கேட்டான்.

“அக்கா என்ன சொன்னாங்க?”

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். ஸ்கேல் வாரின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

“குழந்தையைப் பாத்துக்கச் சொன்னாங்க.”

“அவ்வளவுதானா?”

காலையில் போனில் கேட்ட அந்த இடைவெளியைப் போலவே ஒன்று தன் பதிலுக்கு முன்னாலும் வந்து நிற்பதை அவள் உணர்ந்தாள்.

“அவ்வளவுதான்” என்றாள்.